கால்பங்கு மாடலும் பச்சை விளக்கும்

1. சோப்புப் பெட்டி

வேலையில் சேர்ந்த முதல் நாள் முரளி சார் என் மேசைமேல் ஒரு சோப்புப் பெட்டியை வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே நான்கு சதுரக் காந்தங்கள், சதுரங்கக் கட்டம் போல வடக்கும் தெற்கும் மாறி மாறி இருக்கும்படி ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு மேலே, எதையும் தொடாமல், கட்டைவிரல் நகம் அளவில் ஒரு சாம்பல்நிறத் தட்டு மிதந்துகொண்டிருந்தது. மின்சாரம் இல்லை. நூல் இல்லை. சார் சட்டைப்பையிலிருந்து பெட்ரோல் பங்க் ரசீது ஒன்றை எடுத்து, தட்டுக்கும் காந்தத்துக்கும் நடுவே நுழைத்து மறுபக்கம் உருவிக் காட்டினார்.

"கையால மிதக்க வெச்சாச்சு. நீ கம்ப்யூட்டர்ல மிதக்க வை. சாயந்திரம் வந்து பாக்கறேன்" என்றார்.

சிமுலேஷன் வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆகவே அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். காந்தம் இரும்பை இழுக்கும். இந்தத் தட்டு செய்யப்பட்ட கிராஃபைட்டை, அதாவது பென்சில் கரியை, தள்ளும், ஆனால் மிக மிகக் கொஞ்சமாக. இப்படித் தள்ளப்படும் பொருள்களுக்கு டயாமேக்னட்டிக் என்று பெயர். தண்ணீரும் அப்படித்தான், மரக்கட்டையும் அப்படித்தான், நாமும் அப்படித்தான். அடுக்கடுக்காக வளர்த்த கிராஃபைட்டில் மட்டும் இந்தத் தள்ளல் கொஞ்சம் கூடுதல் என்பதால், ஒரு மெல்லிய தட்டு தன் எடையைத் தானே தாங்கிக்கொண்டு மிதக்கிறது. எங்கள் சாஃப்ட்வேர் இதைக் கணக்கிடும் முறை எளிது. தட்டையும் காந்தத்தையும் சுற்றியுள்ள காற்றையும் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் காந்தப்புலம் எவ்வளவு என்று கணக்கிட்டு, கடைசியில் தட்டின் மேல் விழும் விசையைச் சொல்லும். அந்தத் துண்டுகளின் வலைக்கு மெஷ் என்று பெயர்.

அன்று சாயங்காலம் வரை என் தட்டு மிதக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஏன் விழுந்தது என்று ஒரு தாளில் எழுதினேன்.

ஒன்று: சாஃப்ட்வேரின் பொருள் பட்டியலில் இருந்த கிராஃபைட்டுக்குக் காந்தத் தன்மையே கிடையாது. காற்றும் அதுவும் ஒன்று என்று போட்டிருந்தார்கள்.

இரண்டு: சரியான எண்ணை நானே போட்டபோது எல்லாத் திசைக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டேன். அடுக்குக் கிராஃபைட் மேல்கீழாக ஒரு மாதிரி, பக்கவாட்டில் வேறு மாதிரி.

மூன்று: அதையும் திருத்திய பிறகு, மெஷ்ஷை மாற்றினால் விசையும் மாறியது. ஒரு முறை தட்டு மேலே போனது, அடுத்த முறை கீழே போனது. கிராஃபைட்டுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு சிறியது. மெஷ் கரடுமுரடாக இருந்தால், கணக்கின் பிசிறே விசையை விடப் பெரிதாகிவிடும்.

சார் வந்து தாளைப் படித்தார். சிரித்தார். "மூணாவது பாயிண்ட்ட கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு" என்றார். அன்று அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பின்னால் நடந்ததை எழுதும்போது இதையும் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

2. மடித்து வெட்டிய காகிதம்

மெஷ் பொடியாக வேண்டும் என்றால் கம்ப்யூட்டரில் மெமரி வேண்டும். எங்களுடையது சென்னைப் புறநகரில் ஒரு மாடி அறையில் நடந்த சின்ன கம்பெனி. இருந்த ஒரே நல்ல கம்ப்யூட்டரைப் பங்கு போட்டுக்கொள்வோம். அதற்கு முரளி சார் பல வருடங்களுக்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். கால்பங்கு மாடல்.

திருவிழாத் தோரணத்துக்குக் காகிதத்தை நான்காக மடித்து ஒரு ஓரத்தைக் கத்தரித்தால், விரிக்கும்போது முழுப் பூ கிடைக்கும் அல்லவா? அதே வித்தைதான். நான்கு காந்தங்களும் ஒரே மாதிரி, துருவம் மாறினாலும் தள்ளல் மாறாது, தட்டும் சதுரம். எனவே கால் பாகத்தை மட்டும் கணக்கிட்டால் போதும். மடிப்புக் கோட்டில் சிமெட்ரி என்று ஒரு கட்டளை போட வேண்டும். விடை வந்ததும் திரையில் அதைக் கண்ணாடிபோலப் பிரதிபலித்துக் காட்டினால் முழுத் தட்டும் முழுக் காந்தமும் வானவில் நிறத்தில் அழகாகத் தெரியும். பார்ப்பவருக்கு முக்கால் பாகம் கணக்கிடப்படவே இல்லை என்பது தெரியாது.

இது ஏமாற்று இல்லை. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், பாடத்திலும் சொல்லித்தருவதுதான். தட்டு எவ்வளவு உயரத்தில் மிதக்கும், மேலும் கீழும் ஆடினால் எவ்வளவு வேகமாக ஆடும் என்பதற்கு இந்த மாடல் சரியான விடை தந்தது. நானே அளந்து பார்த்தேன்.

ஆனால் மடித்த காகிதத்தில் ஒரு விஷயம் உண்டு. ஒரு இதழை இடப்பக்கம் இழுத்து வெட்டினால், எதிர் இதழ் தானாக வலப்பக்கம் போகும். பூ மொத்தமாக ஒரு பக்கம் நகரவே முடியாது. கால்பங்கு மாடலில் தட்டும் அப்படித்தான். அது மேலே போகலாம், கீழே வரலாம். பக்கவாட்டில் சறுக்க அதற்கு அனுமதி இல்லை. யாரும் அதைத் தடுக்க நினைத்துத் தடுக்கவில்லை. மடிப்பு தடுத்துவிட்டது.

3. ஜீப்

எங்கள் மிதக்கும் தட்டை வைத்து ஒரு அதிர்வுக் கருவி செய்தோம். தரை லேசாக அதிர்ந்தால் காந்தம் அதனுடன் சேர்ந்து மேலும் கீழும் போகும், மிதக்கும் தட்டு பின்தங்கும். நடுவில் உள்ள இடைவெளியை ஒரு சிறிய ஒளிக்கற்றை அளக்கும். மலைச்சரிவு சரிவதற்கு முன்னால் மண்ணுக்குள் சின்னச் சின்ன அதிர்வுகள் வரலாம், அவற்றை இது பிடிக்கும் என்பது எண்ணம். அதிர்வு அளவு மீறினால் சிவப்பு விளக்கும் சைரனும். மற்ற நேரம் பச்சை விளக்கு.

ஒரு அறக்கட்டளை உதவ முன்வந்தது. ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் முதல் கருவியை வைப்பது என்று முடிவானது. எனக்கு ஊர் சந்தவாசல், மலை அடிவாரம். அதனால் சார் என்னையும் கூட்டிப்போனார். "உங்க பக்கம்தானே, பேச வசதியா இருக்கும்" என்றார். அடிவாரத்துக்காரியின் பேச்சு மேலே இருப்பவர்களுக்குக் கீழ்நாட்டுப் பேச்சு என்பது அவருக்குத் தெரியாது.

பஸ் அன்று வரவில்லை. ஷேர் ஜீப்பில் போனோம். சார் முன்சீட்டில். நான் பின்னால், பக்கத்தில் கேழ்வரகு மூட்டையும் இரண்டு பெண்களும். கருவி என் மடியில், லேப்டாப் அதனுடன் இணைந்து முழங்கால்மேல். வழியெல்லாம் பதிவு செய்யச் சொல்லியிருந்தார், டெமோவில் காட்ட.

மலைப்பாதை தொடங்கியது. ஜீப் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பக்கத்துப் பெண் ஒருத்தி தலையை இடித்துக்கொண்டு டிரைவரைத் திட்டினாள். திரையில் கோடு அசையவில்லை.

ஒயர் கழன்றுவிட்டது என்று நினைத்தேன். இல்லை. பேட்டரியும் சரியாக இருந்தது. டீக்கடை எதிரே சமதளத்தில் ஜீப் நின்றதும் கோடு உயிர் வந்து துள்ளியது. மறுபடி ஏறத் தொடங்கியதும், முதல் வளைவில் ஜீப் சாய்ந்தபோது, மறுபடி செத்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். தட்டு காந்தத்தின் நடுவில் இல்லை. பக்கவாட்டில் சறுக்கி, கண்ணாடிச் சுவரில் ஒட்டி நின்றது. ஒட்டிய தட்டு ஆடாது. ஆடாத தட்டு அதிர்வு இல்லை என்று சொல்லும். மடியில் இருந்த பெட்டியின்மேல் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இறங்கியதும் சாரிடம் சொன்னேன்.

"ஜீப்ல வெக்கறதுக்கா செஞ்சோம்?" என்றார். "பில்லர்ல லெவல் பார்த்து வெப்போம். பில்லர் எங்க சாயப் போவுது?"

சரிகிற மலையில்தான் அந்தப் பில்லரை வைக்கப் போகிறோம் என்று நான் சொன்னேன். அதற்குள் ஊர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர் அவர்களைப் பார்த்துக் கும்பிட்டபடி நடந்தார்.

4. உலக்கை

ஊர் இரண்டு வரிசையாக இருந்தது. மேல் வரிசை பாறைமேல். கீழ் வரிசை செம்மண் சரிவுக்கு நேர் கீழே. பில்லர் சரிவின் பாதியில். கருவியைப் பூட்டி, மட்டக்குழாயின் காற்றுக்குமிழ், அதாவது பப்பில், நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, லெவல் சரிசெய்தோம். வார்டு மெம்பர் கோவிந்தன், நாற்பது வயதிருக்கும், இந்தக் கருவியை ஊருக்குக் கொண்டுவந்ததே அவர் அலைச்சல்தான். சோதித்துக் காட்டுங்கள் என்றார். சார் சுற்றிப் பார்த்து, சாமை குத்திக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கையிலிருந்த உலக்கையைக் காட்டினார். அவள் பெயர் ராணி. கீழ் வரிசையில் கடைசி வீடு அவளுடையது.

"இதுல குத்தினா ஒடையாதே சாமி?" என்று கேட்டுவிட்டு, பில்லருக்குப் பக்கத்தில் தரையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். சிவப்பு எரிந்தது. சைரன் அலறியது. நாய்கள் ஓடின. எல்லோரும் சிரித்தார்கள். ராணி இன்னொரு முறை குத்தினாள், ஆசைக்கு.

கோவிந்தன் அங்கேயே நின்று சொன்னார்: "இனிமே மழை வந்தா யாரும் மூட்ட தூக்கிக்கினு அலைய வேணாம். பச்ச எரிஞ்சா வூட்ல படு. செவப்பு எரிஞ்சா எழுந்து ஓடு. அவ்ளோதான்."

இதில் மூட்டை தூக்குவது என்பது என்ன என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இயற்பியல் எல்லாம் கேட்டோம், ஊரை யாரும் கேட்கவில்லை.

5. முழு மாடல்

திரும்பி வந்து முழு மாடல் போட்டேன். மடிப்பு இல்லாமல், நான்கு காந்தமும் முழுத் தட்டும். சனி ஞாயிறுகளில் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது ஓட்டினேன். அடித்தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பார்த்தேன். பப்பில் கண்ணுக்குத் தெரிய நகரும் அளவுச் சாய்விலேயே தட்டைப் பிடித்து வைக்கும் பக்கவாட்டு விசை போதவில்லை. தட்டு சறுக்கிச் சுவரைத் தொட்டது. ஜீப்பில் பார்த்தது திரையில் அப்படியே வந்தது.

வாரக் கூட்டத்தில் காட்டினேன். பிரச்சினை, காரணம், தீர்வு என்று மூன்று பக்கம்தான். தீர்வு ரொம்ப மலிவானது. சுவரின் உட்புறம் ஒன்றையொன்று தொடாத இரண்டு மெல்லிய தொடுகம்பிகள். கிராஃபைட் மின்சாரம் கடத்தும், ஆகவே தட்டு சுவரைத் தொட்டால் இரண்டு கம்பிக்கும் இடையே சுற்று முழுமையாகும், உடனே கருவி விளக்கை அணைத்துவிடும். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. எனக்குத் தெரியாது என்று கருவி தானே சொல்லும்.

சார் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். அவருக்குப் புரிந்தது. புரியாதவர் மறுத்திருந்தால் எனக்கு இவ்வளவு கசந்திருக்காது.

"பில்லர் கான்கிரீட்டும்மா."

"பில்லர் கான்கிரீட்தான் சார். அதுக்குக் கீழ மண்ணு."

"கவிதா, நீ சிமுலேஷன் இன்ஜினியரா, ஜியாலஜிஸ்ட்டா?" யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பச்சைன்னா பச்சை, செவப்புன்னா செவப்பு. நடுவுல வெளக்கு அணைஞ்சு நின்னா, மெஷின் ரிப்பேர்னு ஒருத்தன் போட்டோ எடுத்துப் போடுவான். ரிப்போர்ட் போயாச்சு. அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்."

அறக்கட்டளைக்குப் போன ரிப்போர்ட்டில் கால்பங்கு மாடலின் பிரதிபலித்த படம் இருந்தது. கீழே, மாடல் தயாரித்தவர் என்று என் பெயர். எடுத்துவிடுங்கள் என்றேன். பெயர் போட்டதற்குச் சண்டை போடும் முதல் ஆள் நீதான் என்றார். அதே விஷயத்தை மெயிலிலும் எழுதினேன். நோட்டட் என்று ஒரு சொல்லில் பதில் வந்தது.

ஐப்பசி மழை தொடங்கியது. டவர் கிடைக்கும்போதெல்லாம் மலையிலிருந்து தரவு வந்தது. முதலில் சின்னச் சின்னத் துடிப்புகள், ஆடு நடப்பது, ஆள் நடப்பது. பிறகு கோடு மெல்லிதாகிக்கொண்டே போய், ஒரு நாள் நேர்கோடானது. ஆடு கூட நடக்காத ஊர் போல. அலுவலகத்தில் அதைப் பெரிய திரையில் போட்டார்கள்.

"எவ்ளோ ஸ்டேபிள் பாரு" என்றார் சார்.

6. மழை வூடு

லீவு போட்டு ஊருக்கு வந்து, அங்கிருந்து மலைக்குப் போனேன். கம்பெனிக்குச் சொல்லவில்லை.

ராணியக்கா வீட்டில்தான் உட்கார்ந்தேன். மூட்டை தூக்குவது என்றால் என்ன என்று அப்போதுதான் கேட்டேன். அவள் சொன்னாள். கீழ் வரிசையில் ஒவ்வொரு வீட்டுக்கும் மேல் வரிசையில் ஒரு வீடு உண்டு. அதற்கு மழை வூடு என்று பெயர். அடைமழை பிடித்தால் கீழ் வீட்டார் தானியத்தைத் தூக்கிக்கொண்டு, ஆட்டை ஓட்டிக்கொண்டு தங்கள் மழை வூட்டுக்குப் போய்விட வேண்டும். மழை விடும்வரை அவர்களுக்கு அங்கேதான் சோறு. பதிலுக்குக் களையெடுப்பில் கீழ் வீட்டார் வந்து வேலை செய்வார்கள். யாரும் கூப்பிட வேண்டியதில்லை, யாரும் மறுக்கவும் முடியாது. ராணியக்காவின் மழை வூடு அவள் கணவனின் அண்ணன் வீடு. அங்கே ஓரகத்தி காந்தா.

"போன வாரம் மழைல மூட்டையோட போய் நின்னேன் பாப்பா. வாசப்படிலயே நிக்க வெச்சி, அங்க பாரு பச்சதான் எரியுது, இன்னாத்துக்கு வந்தேன்னு கேட்டா எங்க ஓரகத்தி. பக்கத்து வூட்டுக்காரியும் அதத்தான் கேக்கறா. வெளக்கு வந்ததுலருந்து எங்களுக்கு மழ வூடு இல்ல."

ஒரு தவறான சென்சார் ஆபத்தைச் சொல்லாமல் விடும் என்று மட்டுமே அதுவரை நினைத்திருந்தேன். அது ஒரு கதவைச் சாத்தும் என்று எந்த மாடலிலும் வராது.

கோவிந்தனைப் பார்த்து, பச்சையை நம்பாதீர்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான்.

"வெச்சதும் நீங்க, வேணாங்கறதும் நீங்க. நாங்க இன்னா பொம்மயா? உங்க சார் வந்து சொல்லட்டும், கேக்கறேன். நீ தனியா வந்து சொல்றியே, உனுக்கும் அவருக்கும் இன்னா தகராறோ."

காந்தாவின் வீட்டுக்குப் போனேன். அவளும் அதையே வேறு வார்த்தையில் சொன்னாள். ராணி எனக்கு ஏதோ கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறாள் என்பது அவள் எண்ணம். வாதம் செய்து பயனில்லை. சறுக்கல், விசை, சிமெட்ரி எல்லாம் அந்த வாசற்படியில் எடுபடாது. நான் ஒன்றுதான் கேட்டேன். "உலக்கைய எடுத்துக்கினு பில்லர்கிட்ட வர்றீங்களா?"

வந்தாள். ராணியக்காவும், மழைக்குச் சாக்கு போர்த்திக்கொண்டு இன்னும் சிலரும் வந்தார்கள். மெம்பரும் வந்தார், கையைக் கட்டிக்கொண்டு. பில்லர் சாய்ந்திருப்பது வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை. பப்பில் மட்டும் ஓரத்துக்குப் போயிருந்தது.

"குத்துங்க" என்றேன்.

காந்தா குத்தினாள். பச்சை. பலமாகக் குத்தினாள். பச்சை. ராணியக்கா உலக்கையை வாங்கி, இரண்டு கையாலும் தூக்கி, ஓரகத்தி மேல் இருந்த கோபத்தையும் சேர்த்துக் குத்தினாள். சேறு என் முகம்வரை தெறித்தது. பச்சை.

கோவிந்தன் உலக்கையை வாங்கித் தானே ஒரு முறை குத்திப் பார்த்தார். பிறகு உலக்கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

காந்தாதான் முதலில் வாயைத் திறந்தாள். ராணியைப் பார்க்காமல், மலையைப் பார்த்துச் சொன்னாள். "ஆட்ட மொதல்ல ஓட்டிக்கினு வா. கொட்டாய்ல எடம் கீது."

நான் ஊர் திரும்பிச் சேர்வதற்குள் சாரிடமிருந்து போன். கோவிந்தன் கருவியைப் பற்றிச் சாரிடம் சண்டை போடத்தான் கூப்பிட்டிருக்கிறார், ஆனால் சாரின் காதில் விழுந்தது நான் அங்கே போனது மட்டும். கம்பெனிக் கருவியை ஊர் முன்னால் உலக்கையால் அடிக்க வைத்தேன் என்றார். அடித்தது தரையை என்றேன். அந்த மாதக் கடைசியில் நானே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

7. இரண்டு உண்மைகள்

சரிவு ஒரு காலை நேரத்தில், அடைமழைக்கு நடுவே இறங்கியது. கீழ் வரிசை முழுக்க மண்ணுக்குள் போனது. வீடுகளில் ஆள் இல்லை. எல்லோரும் அவரவர் மழை வூட்டில் இருந்தார்கள். சைரன் ஒலிக்கவில்லை. சத்தம் கேட்டு ராணியக்கா வெளியே வந்து பார்த்தபோது, பில்லர் சேற்றில் பாதி புதைந்து, குடிகாரனைப் போலச் சாய்ந்து, பச்சையாக எரிந்துகொண்டிருந்ததாம். சோலார் பேட்டரி நன்றாக வேலை செய்தது. அதற்கு நான் சாட்சி சொல்வேன்.

சில மாதங்கள் கழித்து, கம்பெனியில் என்னுடன் வேலை பார்த்த தோழி ஒருத்தி அதன் புதிய பிரசுரத்தைப் போனில் அனுப்பினாள். அட்டையில் என் கால்பங்கு மாடலின் பிரதிபலித்த படம், வானவில் நிறத்தில். உள்ளே ஒரு பத்தி இப்படி: நிலச்சரிவு நடந்த சிற்றூரில் எங்கள் கருவி பொருத்தப்பட்டிருந்தது. அந்த ஊரில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

இரண்டு வாக்கியங்களும் உண்மை. பொய் என்று ஒரு எழுத்தைக் காட்ட முடியாது. கால் பாகம் உண்மையை எடுத்துப் பக்கத்தில் கண்ணாடி வைத்தால் முழு உண்மைபோலத் தெரியும். எனக்கு இந்தக் கண்ணாடி வித்தையைச் சொல்லிக்கொடுத்தவரும் முரளி சார்தான். அந்தப் பத்தியைப் படித்து இன்னும் சில மலை ஊர்கள் கருவி கேட்டிருப்பதாகத் தோழி எழுதியிருந்தாள். தொடுகம்பி பற்றிக் கேட்டேன். அடுத்த வெர்ஷனில் என்றாள்.

அறக்கட்டளைக்கு என் முழு மாடலையும் மூன்று பக்கத்தையும் அனுப்பினேன். கம்பெனியிடம் விளக்கம் கேட்டிருப்பதாகப் பதில் வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. கருவி கேட்ட ஊர்களின் பெயரைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் போன் செய்துகொண்டிருக்கிறேன். உலக்கையால் குத்திப் பாருங்கள், மழைக்கு முன்னாலும் குத்துங்கள், மழைக்கு நடுவிலும் குத்துங்கள் என்கிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலர் கம்பெனி நம்பரைக் கேட்கிறார்கள்.

இப்போது நான் வேறு இடத்தில் மோட்டார் காந்தங்களுக்குச் சிமுலேஷன் செய்கிறேன். என் கீழ் மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கும் சொல்கிறேன். சிமெட்ரி போடுங்கள், தப்பில்லை. போடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: இந்த மடிப்பு எந்த அசைவைத் தடுக்கிறது? அந்த அசைவு நடந்தால் கருவி என்ன சொல்லும்? விடை 'பச்சை' என்று வந்தால், படத்தை யாருக்கும் காட்டாதீர்கள். நீங்கள் சொல்லியும் மேலே இருப்பவர் காட்டினால், படம் போய்ச் சேரும் இடத்துக்கு நீங்களும் போய்ச் சேருங்கள். வேலை போகும். எனக்குப் போனது.

ராணியக்கா இப்போதும் காந்தாவின் ஆட்டுக் கொட்டகையில்தான் இருக்கிறாள். வீடு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மழைக்கு மட்டும் என்றிருந்த வீடு வெயிலுக்கும் ஆகிவிட்டதில் ஓரகத்திகளுக்குள் தினம் ஒரு பேச்சு. போன வாரம் போன் செய்தேன். கம்பெனிக்காரர்கள் வந்து, பில்லரை நிமிர்த்தி, துடைத்து, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துப் போனார்கள் என்றாள்.

"அவங்க வர்றதுக்கு முன்ன அது மேல குண்டான கவுத்து வெச்சிருந்தேன் பாப்பா. வூடு போன எடத்த பாக்கப் போனா அந்தப் பச்சதான் கண்ணுல படுது, மினுக்கு மினுக்குன்னு. போட்டோவுக்கு எடுக்க சொன்னாங்க. எடுத்தேன்."

"அப்புறம்?"

"போனாங்க. திரும்ப கவுத்துட்டேன்."